பேர் போடும்போது

"படம்தான் முடிஞ்சிடுச்சேப்பா, எழுந்திரிங்க, போலாம்!" மகள் அப்பாவின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"உன் பேர் வரட்டும். அதுக்குத்தானே வந்தோம்?" வெல்டரான அப்பா நாற்காலியை விட்டு அசையவில்லை.

எப்படி அசைவார்? மகள் பேர் சினிமாவில் வரப்போகிறது என்று பட்டறை முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டு வந்தவர். போதாக்குறைக்கு, மனைவியோடு அவள் தம்பியையும் கூட்டி வந்திருந்தார். எதற்கெடுத்தாலும் நக்கலடிக்கும் மச்சான், இன்றைக்காவது வாயை மூடட்டும் என்று ஆசை.

இது கம்பெனி எடுத்த படம் இல்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திராத ஆயிரக்கணக்கான பேர் இணையத்தில் கூடி, அவரவர் வீட்டிலிருந்தே செய்த கார்ட்டூன் படம். ஒருத்தர் மலையை வரைந்தார், ஒருத்தர் பாட்டு எழுதினார், இன்னொருத்தர் மழைச் சத்தத்தைப் பிடித்து அனுப்பினார். சம்பளம் கிடையாது. கை கொடுத்த எல்லோர் பேரும் கடைசியில் வரும், அவ்வளவுதான். மகளிடம் 'நீ என்ன செஞ்சே?' என்று கேட்டால் மட்டும், "சின்ன உதவிப்பா" என்று மழுப்பிவிடுவாள்.

திரையில் பேர்கள் போய்க்கொண்டே இருந்தன.

"என்ன அத்தான், வாக்காளர் பட்டியல் மாதிரி முடியவே மாட்டேங்குது?" என்றார் மச்சான்.

"நீ பேசாதே. படத்துல அந்தப் பூதம் உறுமினப்போ என் கையைப் பிடிச்சவன் இன்னும் விடலை!"

"ஐயோ, உறுமலா அது? சீட்டுக்கு அடியில ஒளிஞ்சுக்கலாம்னு பார்த்தேன்! எவனோ உயிரைப் பணயம் வெச்சுக் காட்டுக்குள்ள போய் அந்தச் சத்தத்தைப் பிடிச்சிருக்கான். அவன் கலைஞன்! நம்ம பொண்ணு பேரைத்தான் காணோம்."

மகளின் முகம் வெளிறியது. "என் பேரை விட்டிருப்பாங்கப்பா. போயிடலாம்."

வெல்டருக்குச் சுருக்கென்றது. சும்மா சொல்லிவிட்டாளோ? நாளைக்குப் பட்டறையில் எந்த முகத்தை வைத்துக்கொண்டு நிற்பது? ஆனாலும் எழவில்லை.

"என் பொண்ணு பொய் சொல்ல மாட்டா. வரும்!" என்றார் சத்தமாக.

அரங்கமே காலியாகிவிட்டது. கூட்டிப் பெருக்க வந்தவர்கள் இவர்கள் நாலு பேரையும் முறைத்தார்கள்.

வந்தது! 'ஒலிப்பதிவு' என்ற தலைப்பின் கீழே மகளின் பேர், பளிச்சென்று. வெல்டர் துள்ளி எழுந்து விசிலே அடித்துவிட்டார். "பார்த்தியாடா? என் பொண்ணுடா!"

மகளோ இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். மச்சான் வாயைப் பிளந்தபடி அந்தப் பேருக்குப் பக்கத்தில் இருந்ததைப் படித்தார்: 'பூதத்தின் உறுமல் – இவருடைய அப்பாவின் குறட்டை.'

அம்மா, பெருமை தாங்காமல் தம்பியின் முதுகில் ஒன்று வைத்தாள். "கல்யாணமான நாள்லேர்ந்து நான் ஓசியில கேட்கிறதைத்தான்டா, நீ இன்னிக்கு டிக்கெட் எடுத்துக் கேட்டிருக்கே!"