பெக்காம் கடைக்கு ஒரு நட்சத்திரம்

“ரத்தத்தப் பாத்தா பயப்படுற ஆளு எதுக்குலா பெக்காம் கடை வைக்கணும்?”

சட்டை முதுகில் சிவப்புக் கறையோடு வெளியே வந்த சுகுமாறன், காரில் காத்திருந்த விஜயனிடம் பொரிந்து தள்ளினார். இருவரும் மலேசியாவில் ஸ்கூடாய் நகரத் தொழிற்சாலை ஒன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர்கள். முதுகுவலிக்கு, கப்பு வைத்துக் கெட்ட ரத்தம் எடுக்கும் இந்தப் பெக்காம் கடைக்கு வரச் சொன்னதே விஜயன்தான்.

“என்னாச்சுண்ணே?”

“எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும், வட்டத் தழும்பு ஒரு வாரத்துல மறைஞ்சிரும்னாரு. கப்பு வச்சு உறிஞ்சி, ஊசியால குத்தி, திரும்பவும் கப்பு வச்சாரு. கொஞ்ச நேரத்துல, அலமாக், பதறிப்போயி கப்ப எடுத்துட்டுப் பஞ்ச வச்சு அழுத்துறாரு, அழுத்துறாரு, அரை மணி நேரம்! இதோட போதும், இனிமே வராதீங்கன்னுட்டாரு.”

“எனக்கு நல்லாத்தான செஞ்சாரு?”

“உனக்கு அதிர்ஷ்டம். வேலை தெரியாத ஆளு.”

அதோடு விட்டாரா? விஜயன் பார்க்கப் பார்க்கவே கைப்பேசியில் கடைக்கு ஒரே ஒரு நட்சத்திரம் போட்டார். ‘கடைக்காரர் கமலநாதனுக்கு வேலை தெரியாது. ரத்தத்தைக் கண்டு பயப்படுகிறார். யாரும் போகாதீர்கள்.’

விஜயன் சிரித்துக்கொண்டே அதைத் தொழிற்சாலை வாட்ஸ்அப் குழுவில் போட்டான். கடைக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் அந்தக் குழுவில்தான் இருந்தார்கள்.

மூன்று மாதம் கழித்து, மனைவி கஸ்தூரியோடு அந்த வழியாகப் போனார் சுகுமாறன். கடை பூட்டியிருந்தது. கதவில் ‘வாடகைக்கு’ என்று பலகை.

“பாவம், ஏங்க மூடிட்டாரு?”

சுகுமாறன் காரை ஓரங்கட்டினார். நெஞ்சுக்குள் வைத்துப் புழுங்கிக்கொண்டிருந்தது வெளியே வந்துவிட்டது.

“என்னாலதான் கஸ்தூரி. குத்துறதுக்கு முன்னாடி, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறீங்களான்னு கேட்டாரு. இல்லன்னு சொன்னேன்.”

“ஐயோ! போன தீபாவளி லீவுலதான உங்களுக்கு ஸ்டென்ட் வச்சாங்க? அந்த மாத்திரைய தெனமும் நான்தான எடுத்துக் குடுக்குறேன்!”

“சொன்னா செய்ய மாட்டாருன்னு மறைச்சேன். ரத்தம் நிக்கலன்னதும் பயந்து எல்லாத்தையும் சொல்லிட்டேன். கம்பெனிக்குத் தெரிஞ்சா வேலை போயிரும், வெளிய விஜயன் இருக்கான், யார்கிட்டயும் சொல்லிராதீங்கன்னு அவரு கையப் புடிச்சேன். வெளிய வந்தா விஜயன் கேக்குறான். சட்டையெல்லாம் கறை. வேற என்ன சொல்றது?”

“அதுக்கு அந்த மனுசன் பொழப்புலயா கைய வைப்பீங்க?”

சுகுமாறன் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தார்.

“அவரும் சும்மா இருந்திருக்காரு பாருங்க. ஸ்டென்ட் வச்சத மறைச்சிட்டாருன்னு ஒரு வரி பதில் போட்டிருந்தா கடை பொழைச்சிருக்கும்.”

சொல்லிக்கொண்டே கஸ்தூரி கைப்பேசியில் தேடினாள். பதில் இருந்தது. அன்று மாலையே போட்டது. அந்தப் பக்கத்தைத் திரும்பத் திறந்து பார்க்க சுகுமாறனுக்குத்தான் தைரியம் வந்ததில்லை.

அவள் சத்தமாகப் படித்தாள்.

“மன்னிச்சிருங்கண்ணே. உங்க மேல எந்தத் தப்பும் இல்ல. என் கைதான் தவறிருச்சு. உடம்பப் பாத்துக்குங்க.”