தகரக் கூரை

“சீமெந்து ஆயிரத்து முன்னூறு வித்த நாளில எழுதின ஒப்பந்தக் காயிதத்த நீட்டினா, மூவாயிரத்துக்கு வாங்கி நான் எப்பிடிக் கட்டுற? நீங்களே சொல்லுங்க நல்லரத்தினம் அண்ணன்!”

கூரையில்லாத வீட்டின் நடுவே நின்று கத்தினார் அதைக் கட்டித்தரும் கொந்திராத்துக்காரர் விஜிதரன். காதில் பென்சில், கையில் அளவு நாடா.

நல்லரத்தினத்துக்குத் தலை வெடித்தது. இந்த மாதத்தில் இது ஏழாவது மல்லுக்கட்டு. களுவாஞ்சிக்குடியில் பெண்ணைப் பெற்றவன் வீட்டையும் சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும். மாப்பிள்ளை அங்கேதான் குடிவருவான். மகள் ஆர்த்திகாவுக்கு ஆவணியில் கலியாணம். சுவர் எழும்பி நிற்கிறது. டொலர் எகிறிய நாளிலிருந்து அதற்கு மேல் ஒரு கல்கூட ஏறவில்லை.

“முத்திரை ஒட்டி ஒப்பம் வச்சது ஆரு? நீங்க. விலை இறங்கியிருந்தா எனக்குத் திருப்பித் தந்திருப்பீங்களா?”

“நாடே கவிழ்ந்து கிடக்கு. கரண்டில்ல, டீசல் இல்ல. உங்கட காயிதம் மட்டும் அசையாதாக்கும்! ஏறினதில பாதிய நீங்க தாங்க, மீதிய நான் சுமக்கிறன்.”

“எங்கிருந்து தர? உரம் பசளையில்லாம என்ட வயல்ல பாதி நெல்லும் வெட்டல்ல. ஒரு சதம் கூட்டமாட்டன்.”

“அப்ப வேலையக் குறைக்கணும்.”

“குறைங்க!”

“ஓடு இல்ல. தகரம்.”

“போடுங்க.”

“நிலத்துக்கு மாபிள் இல்ல. வெறும் சீமெந்து.”

“ஓம்.”

“பின்னறைக்குக் கதவு வராது.”

“சீலையொண்டத் தொங்கவிட்டாப் போச்சு.”

சீனியில்லாத தேத்தண்ணியோடு வந்த நல்லரத்தினத்தின் மனைவி சின்னத்தங்கம், இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். “விடிஞ்சா பொழுதுபட்டா இதே கூத்துத்தான்” என்று முணுமுணுத்தபடி கோப்பைகளைச் செங்கல் அடுக்கின் மேல் வைத்தாள்.

விஜிதரன் பென்சிலை நிறுத்தினார்.

“கச்சான் காத்து வெக்கையில தகரத்துக்குக் கீழ மனுசன் படுப்பானா? மாப்பிள்ளைப் பகுதி ஒத்துக்கொள்ளாது அண்ணன்.”

“அவங்க வந்து கேட்டா நான் பதில் சொல்லிக்கொள்றன். கொந்திராத்துக்காரருக்கு அந்தக் கவலை எதுக்கு? வேலைப் பேச்சில வேற பேச்சு வரப்படாது எண்டு முதல் நாளே பேசினமா இல்லையா?”

“பேசினதான்.”

“மறுகா என்ன? எழுதுங்க!”

எழுதினார். ஓடு தகரமானது, மாபிள் சீமெந்தானது, கதவு சீலையானது. இருவரும் கீழே ஒப்பமிட்டார்கள்.

தாளை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்த நல்லரத்தினம், இந்த ஏழு சண்டையிலும் முதல் முறையாகச் சிரித்தார். ஒரு சதம் கூடவில்லை!

விஜிதரன் தேத்தண்ணியை ஒரே மடக்கில் குடித்தார். பென்சிலையும் நாடாவையும் பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே போய், வாசலில் நின்ற சைக்கிளில் அதைத் தொங்கவிட்டார்.

“ஆள் தொலைஞ்சான்” என்று பெருமூச்சு விட்டார் நல்லரத்தினம்.

தொலையவில்லை. மடித்துக் கட்டியிருந்த சாரத்தை இறக்கிவிட்டு, தலையைக் கையால் கோதிக்கொண்டு, ஆற அமர வேலிப் படலையைத் தட்டினார் விஜிதரன்.

சின்னத்தங்கம் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திச் சிரிப்பை அடக்கினாள்.

“வாங்க சம்பந்தி, வாங்க! இஞ்சாருங்க, மாப்பிள்ளைட அப்பா வந்திருக்கார். தன்ட மகனுக்கு என்ன கூரை போடுறீங்க எண்டு கேக்கிறார். பதில் சொல்றன் எண்டீங்களே, சொல்லுங்க!”