இடப்பக்கத்து ஆள்

ராணுவ அருங்காட்சியகத்தின் கண்ணாடிக் கூரை வழியே இறங்கும் வெயில் மூன்று இயந்திரத் துப்பாக்கிகளின் மேலும் பாரபட்சமில்லாமல் விழுகிறது. முதலாவது கிழட்டு யானை. சூடு தணியக் குழாயைச் சுற்றித் தண்ணீர் உறை, அதைக் கட்டி மேய்க்க நாலு பொம்மைச் சிப்பாய்கள். காற்றிலேயே ஆறிவிடும் இரண்டாவதற்கு இரண்டு பேர்: ஒருவன் சுடுகிறான், இடப்பக்கம் படுத்திருப்பவன் தோட்டா பெல்ட் முறுக்கிக்கொள்ளாமல் இரு கையாலும் ஏந்திக் கொடுக்கிறான். அப்படி ஏந்தியே வெடிச்சத்தத்துக்கு வலது காதைப் பறிகொடுத்தவர், மனைவியோடு சுற்றிப்பார்க்க வந்திருக்கும் இந்த ஓய்வுபெற்ற சிப்பாய். அதனால் மனைவி எங்கே போனாலும் அவருக்கு இடப்பக்கமே நடக்கிறாள். புத்தம்புதிய மூன்றாவது துப்பாக்கியோடு ஒரே ஒரு பொம்மைதான் படுத்திருக்கிறது. “இதுக்கு பெல்ட்டை யாரும்மா பிடிக்கிறது?” என்று கேட்கிறார். “அடியில பெட்டி மாட்டியிருக்கு பாருங்க ஐயா, அதுலேருந்து தானா ஏறிக்கும். இன்னொரு ஆள் வேணாம்,” என்கிறாள் வழிகாட்டிப் பெண். “நல்லதாப் போச்சு,” என்கிறார். சொன்ன கையோடு முழங்காலைப் பிடித்துக்கொண்டு அந்தப் பொம்மையின் இடப்பக்கம் போய் உட்கார்கிறார். உள்ளங்கைகள் தாமாக விரிந்து மேலே பார்க்கின்றன. மனைவி அவருடைய நல்ல காதுப் பக்கம் குனிகிறாள். “எந்திரிங்க, எல்லாரும் பாக்கிறாங்க.” அவர் கையை மடக்கவில்லை. “செத்த இரு. ஒண்டியா படுத்திருக்கான்ல.”