காகிதப்பூ வீட்டு விருந்து

பசியோடு வந்த வண்ணத்துப்பூச்சி, காகிதப்பூச் செடியில் பளபளத்த சிவப்பின் மேல் உட்கார்ந்து உறிஞ்சிப் பார்த்தது. ஒரு சொட்டுத் தேன் இல்லை.

"என்னய்யா பூ நீ?"

"நான் பூவே இல்லீங்க. இலை."

"இலைக்கு எதுக்குய்யா இந்த அலங்காரம்?"

"நடுவுல பொடிசா, வெள்ளையா நிக்கிறான் பாருங்க, அவன்தான் பூ. அவனைப் பார்த்து யாரு வருவா? அதான் நாங்க சாயம் பூசிட்டு வாசல்ல நிக்கிறோம்."

வண்ணத்துப்பூச்சிக்குத் தலை சுற்றியது. வெள்ளையிடம் போய், "அப்போ வீட்டுக்காரர் நீங்களா?" என்று கேட்டது.

"ஆமாங்க. சாப்பிடுங்க," என்றது அது, கூச்சத்தோடு.

வயிறு முட்டக் குடித்துவிட்டுக் கிளம்பியபோது, எதிரே வந்த தோழி கேட்டாள்: "எங்கேடி சாப்பிட்ட?"

எப்படி விளக்குவதென்று தெரியாமல் வண்ணத்துப்பூச்சி திணறியது. கடைசியில், "அதோ, அந்தச் சிவப்புப் பூவுலதான்," என்றது.