பதினெட்டு மெழுகுவர்த்திகள்

"பசை காயட்டும்மா, என்ன அவசரம்?" என்றேன். என் வாழ்த்து அட்டை வகுப்பில் அவசரக்காரர்களுக்கு இடமில்லை.

தலையில் ஸ்கார்ஃப் கட்டியிருந்த அந்த அம்மா காதில் வாங்கவில்லை. மகளின் ஏழாவது பிறந்தநாளுக்கு ஓர் அட்டை, எட்டாவதுக்கு ஒன்று, இப்படிப் பதினெட்டு வரைக்கும் செய்துகொண்டிருந்தார். பிரித்தால் காகித மெழுகுவர்த்திகள் எழுந்து நிற்கும்.

ஸ்கார்ஃப் நழுவியது. மொட்டைத் தலை. எனக்குப் புரிந்துவிட்டது.

"நீங்க இல்லாதப்ப இதையெல்லாம் வருஷா வருஷம் யார் குடுப்பாங்க?" என்றேன் மெதுவாக.

"நான்தான். பன்னிரண்டையும் நாளைக்கே குடுத்துடுவேன்."

"நாளைக்கேவா?"

"அவளுக்கு முடி கொட்டினப்ப, துணைக்கு நானும் மழிச்சுக்கிட்டேன். இப்ப டாக்டர் கையை விரிச்சுட்டார். ஏழாவது பிறந்தநாளே அவளுக்கு வராதாம்."

கையில் கிடைத்த அட்டைத் துண்டால், கடைசி அட்டையின் பசை சீக்கிரம் காயட்டும் என்று விசிற ஆரம்பித்தேன்.