காலுக்குத்தான் சத்தியம்

டொக், டொக், டொக்.

மாடிப்படியில் கட்டைச் செருப்புச் சத்தம். கங்கோங் கீரை ஆய்ந்துகொண்டிருந்த பொன்னுதுரையின் கை நின்றது. தெங்கேரா கிடங்கில் இரவெல்லாம் காவல் காக்கும் ஜாகா வேலை பார்த்துவிட்டு வந்தவர். படுத்தும் தூக்கம் வரவில்லை. கீரைக்கட்டோடு உட்கார்ந்துவிட்டார்.

"வந்திருச்சு அண்ணே."

கடிகாரக் கடை சேதுபதி. கையில் தோல் பெட்டி.

அடுப்படியிலிருந்து பூங்காவனம் எட்டிப் பார்த்தாள்.

"மழை பேஞ்சா வீட்டுக்குள்ள மூணு சட்டி வைக்கிறோம். ஐயாவுக்குத் தூரக்கண்ணாடி கேக்குது."

"கிடங்குக்குத்தான். கடல் பக்கமா திருட்டுப் படகு வருது."

"ராத்திரி இருட்டுல கண்ணாடி போட்டுப் படகு பார்க்கப் போறீங்களாக்கும்."

பொன்னுதுரை ஒரு கீரைத் தண்டைக் கிள்ளிப் போட்டார்.

"சேதுபதி அண்ணே, நீங்களாவது இவருக்குப் புத்தி சொல்லக்கூடாதா?"

"நான் கண்ணாடி விக்கிறவன் தங்கச்சி. புத்தி வேற கடையில."

"நல்லா இருக்கு. வெள்ளிக்கிழமையும் அதுவுமா என் வாயைக் கிளறாதீங்க." அர்ச்சனைத் தட்டை எடுத்துக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பிவிட்டாள்.

ஒன்றரை மாதமாக வேலை முடிந்து வரும்போதெல்லாம் கடை முன்னால் சைக்கிளை நிறுத்தி, "சிங்கப்பூர்ல இருந்து வந்துச்சா?" என்று கேட்டவர், இப்போது பெட்டியைத் தொடவே யோசித்தார்.

"எடுங்க அண்ணே. ஜெர்மன் சாமான் உங்களுக்குக் கட்டாது. மலிவா இருந்தது பிள்ளைங்க விளையாடுறது. இது நடு. ஜப்பான்."

பின்பக்க ஜன்னலுக்குப் போய்க் கண்ணில் வைத்தார்.

"ஓரமெல்லாம் மங்குது."

"நடுவுல பாருங்க."

"சக்கரம் இறுக்கமா இருக்கு."

"புதுசுல அப்படித்தான். திருகத் திருக இளகும்."

மெல்லத் திருகினார். மசூதிக் கோபுரம் அசைந்து வந்து நின்றது. அதன் மேல் ஒரு புறா. கழுத்தில் பச்சையும் ஊதாவும் தனித்தனியாகத் தெரிந்தன.

"பரவாயில்லை," என்றார்.

"மெர்டேக்கா சுதந்திர ஊர்வலம் பார்க்கவான்னு ஊரே கேக்குது. சிலபேர் கேக்குறது அவ்வளவு நல்லாவும் இல்லை. பொம்பளைங்க துணி துவைக்கிற இடம், குளிக்கிற இடம்னு பேசுறாங்க."

"பேசட்டும்."

சேதுபதி அவர் தோளைப் பிடித்து மெதுவாகத் திருப்பினார். செட்டிமார் குடியிருக்கும் கம்போங் செட்டிப் பக்கம். தென்னைமரங்களுக்கு நடுவே வெறும் கண்ணுக்கு ஓர் ஓட்டுக்கூரை மட்டும் தெரிந்தது.

"இதுக்குத்தானே அண்ணே?"

பொன்னுதுரை கண்ணாடியை இறக்கினார்.

ஏழு மாதத்துக்கு முன் மகள் கோகிலா அந்த வீட்டுச் செட்டிப் பையன் பிச்சையைப் பதிவுக் கல்யாணம் செய்துகொண்டாள். தமிழ்ப் பேர், பேச்சு மட்டும் மலாய். அன்று சாயங்காலமே பூங்காவனம் சாமி படத்துக்கு முன்னால் சூடம் ஏற்றினாள். "அவ வாசப்படியை மிதிக்க மாட்டேன்னு அணைங்க." அவர் உள்ளங்கையால் அணைத்தார். அடுத்த சூடத்தை அவளே அணைத்தாள். அந்த வீட்டில் பச்சைத்தண்ணி குடிக்க மாட்டேன் என்று கூடுதலாக ஒன்றும் சேர்த்துக்கொண்டாள்.

"சூடம் அணைச்சிட்டீங்களே அண்ணே."

"மிதிக்க மாட்டேன்னுதானே அணைச்சேன். காலுக்குத்தான் சத்தியம். கண்ணுக்கு இல்லை."

"தங்கச்சிக்குத் தெரிஞ்சா?"

"கோகிலா பேச்சை எடுத்தாலே தூக்கு மாட்டிக்குவேங்கிறா. எனக்குச் சண்டை போடத் தெம்பில்லை சேதுபதி. பிள்ளை இளைச்சுக் கிடக்காளா, நல்லா இருக்காளா, அதை ஒரு தடவை பார்த்தாப் போதும்."

சேதுபதி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் இறங்கிப் போனார்.

பொன்னுதுரை மறுபடி சக்கரத்தைத் திருகினார். அந்த வீட்டைப் பிடிக்க அரைமணி நேரம் ஆனது. தென்னை ஓலை. கொடியில் ஒரு கைலி. பின்கட்டுப் படி. படியில் ஒருத்தி தலைமுடியை அவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

கோகிலா. கன்னம் கொஞ்சம் பூசினாற்போல இருந்தது. கண்ணாடி மங்கியது. ஜப்பான்காரன் மேல் தப்பில்லை என்று தெரிந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தார்.

பின்னால் யாரோ ஓர் அம்மாள் நின்று அவள் உச்சியில் எண்ணெய் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மாமியாராக இருக்கும். நல்ல மனுஷி. செவ்வாய், வெள்ளி பார்த்து எண்ணெய் தேய்த்துவிடுகிறாளே.

கோகிலா நெளிந்தாள். அந்த அம்மாள் நறுக்கென்று அவள் தலையில் ஒரு குட்டு வைத்தாள்.

அந்தக் குட்டு பொன்னுதுரைக்குத் தெரிந்த குட்டு.

பிச்சை ஒரு கோப்பையோடு வந்து இரண்டு கையாலும் நீட்டினான். அந்த அம்மாள் வாங்குவதற்காகத் திரும்பினாள். பூங்காவனம். எதற்கோ வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கோப்பையில் இருந்ததைக் குடித்து முடித்தாள்.

அவர் கண்ணாடியைப் பெட்டியில் வைத்து மூடினார்.

பதினொரு மணிக்குப் பூங்காவனம் வந்தாள். முந்தானையில் விரல்களைத் துடைத்தபடியே வந்தாள்.

"கோயில்ல ஒரே கூட்டம். அர்ச்சனை முடிய இவ்வளவு நேரமாயிருச்சு."

"ம்."

"என்ன சொல்லுது உங்க கண்ணாடி?"

"சுமார்தான். மசூதி வரைக்கும் தெரியுது. இந்தப் பக்கம் தென்னைமரம் மறைக்குது. ஒண்ணும் தெரியலை."

அவள் ஜன்னலைப் பார்த்தாள். பிறகு பெட்டியைப் பார்த்தாள்.

"அப்ப திருப்பிக் கொடுத்துருங்களேன்."

"இருக்கட்டும். நீ வெள்ளிக்கிழமை கோயிலை மட்டும் விட்டுராதே பூங்காவனம்."

அவள் முந்தானையில் மறுபடி விரல்களைத் துடைத்தாள். பொன்னுதுரை மிச்சமிருந்த கீரையை மடிப்பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு ஆய ஆரம்பித்தார்.