நாலு கிழங்கு

"வாசல் கல்வாழையில பாதிக்குப் பாதி காணோம். வேலைக்காரி தோண்டி எடுத்துட்டுப் போயிருக்கா. இதுக்கு இன்னா சொல்றீங்க?"

கோகிலவாணி இதை மூன்றாவது முறையாகச் சொன்னாள். ஒரு சொல்கூட மாறவில்லை.

ஜமுனாமரத்தூருக்கு அப்பால் அந்தச் சிற்றூரில் தகராறு என்றால் ஊர்க்கவுண்டர் ராஜாக்கண்ணுவிடம்தான் போவார்கள். கோகிலவாணி போகவில்லை, அவரை வீட்டுக்கே வரவழைத்துவிட்டாள். வேலூரை விட்டு மலைக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. யாரிடமும் போய் நிற்கும் பழக்கம் மட்டும் வரவில்லை.

"எடுத்தியா?" என்றார் ராஜாக்கண்ணு.

"பல மாசமா ஒவ்வொண்ணா எடுத்தேங்க" என்றாள் செல்லி. கை நகத்தில் இன்னும் மண் இருந்தது.

"பாத்தீங்களா? தலை குனிஞ்சு சொல்றாளா பாருங்க."

"அம்மாகிட்ட அப்பவே சொன்னேங்க. கல்வாழை ரெண்டு வருஷத்துக்கு மேல ஒரே எடத்துல கெடந்தா கெழங்கு ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கும். நடுவுல அழுவிப்போவும். பாதிய எடுத்தாத்தான் மீதி பூக்கும்னேன். செடில கை வெக்காதேன்னாங்க."

"வெக்காதேன்னா வெக்கக் கூடாது. அப்புறம் ஏன் வெச்ச?"

செல்லி கொல்லைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"இந்த வருஷம் பூ நல்லாத்தானே இருக்கு, வாணி" என்றார் கணவர் ரங்கசாமி.

"அது நான் போட்ட எரு. நீங்க சும்மா இருங்க."

அவர் சும்மா இருந்தார். முப்பத்துநாலு வருடப் பயிற்சி.

"இவ ஏன் இப்படிப் பண்றான்னு எனக்குத் தெரியும்" என்று கோகிலவாணி தொடர்ந்தாள். "போன ஐப்பசி மழையில இவ கன்னுக்குட்டி செத்துப்போச்சு. கட்டி வெச்சு மேய்க்கத் துப்பில்ல. அந்தக் கடுப்ப என் செடி மேல காட்டறா."

கன்றுக்குட்டி என்றதும் செல்லி ரங்கசாமியைப் பார்த்தாள். அவர் செருப்பைப் பார்த்தார்.

"இப்ப நான் இன்னா செய்யணும்மா?" என்றார் ராஜாக்கண்ணு.

"இனிமே இவள யார் வூட்லயும் வேலைக்கு வெக்கக் கூடாதுன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. ஹாஸ்டல், கெஸ்ட் ஹவுஸ் எல்லா எடத்துக்கும் சேத்து."

ராஜாக்கண்ணு அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் செல்லிக்கு மலையில் வேலை கிடையாது. அது அங்கே நின்ற நாலு பேருக்கும் தெரியும்.

"கெழங்க வித்துட்டியா?"

"இல்லீங்க."

"உன் வூட்ல நட்டியா?"

"இல்லீங்க. இங்கதான், பின்னால."

"நான் எடத்தப் பாக்காம பேச மாட்டேன்" என்று அவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்.

வாசல் பாத்தியைத் தாண்டித்தான் போக வேண்டும். முன் வரிசையில் நித்தியகல்யாணி, பின்னால் சிவப்புக் கல்வாழை. ஓரத்தில் புதுச் செங்கல்லைச் சாய்த்துச் சாய்த்துப் புதைத்து, ரம்பப் பல் மாதிரி கரை கட்டியிருந்தது.

"கல்லு ஜோராக் கீதும்மா" என்றார் ராஜாக்கண்ணு.

"என் ஐடியாதான். பாதிச் செடி இல்லாம இப்பப் பொக்கை வாய் மாதிரி கீது."

கோகிலவாணி கொல்லைப் பக்கம் வந்து வருடம் ஒன்றுக்கு மேல் ஆகிறது. பூரான் இருக்கிறது என்பாள். கொல்லையை மூடியிருந்த புதருக்கு அந்தப் பக்கம் ஒற்றையடிப் பாதை. காலையும் மாலையும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போகும் வழி. பாதையை ஒட்டி, அவளுடைய நிலத்துக்குள்ளேயே, இடுப்புயரத்துக்குக் கல்வாழை மூன்று வரிசையாக வட்டம் கட்டி நின்றது. எல்லாம் பூவில்.

"பாருங்க கவுண்டரே. என் நெலத்துலயே எனக்குத் தெரியாம இவ ஒரு தோட்டம் போட்டிருக்கா."

சொல்லிக்கொண்டே விறுவிறுவென்று போய் இலைகளை விலக்கினாள். செல்லி ஓடிவந்து அவள் முழங்கையைப் பிடித்தாள்.

"அதுக்கு மேல கால் வெக்காதீங்கம்மா."

"கையை எடு" என்றவள் குனிந்து பார்த்தாள். முன்னால் வைத்த காலைப் பின்னுக்கு இழுத்தாள்.

பன்னிரண்டு அடிக் குழி. அடியில் பாறை. வந்த புதிதில் அவர்கள் கிணறு வெட்ட ஆரம்பித்து, பாறை தட்டியதும் அப்படியே விட்டது.

"கன்னுக்குட்டி இதுலதான் விழுந்துச்சு" என்றார் ராஜாக்கண்ணு, ரங்கசாமியிடம். "அன்னிக்கே சுத்திச் சுவர் வெக்கச் சொன்னேனே சார்?"

"செங்கல் எறக்கிட்டேன்" என்றார் ரங்கசாமி. "வாசல் பாத்திக்குக் கரை கட்டிட்டாங்க."

யாரும் கோகிலவாணியைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

"மொதல்ல முள்ளு வெட்டிப் போட்டேங்க" என்றாள் செல்லி. "அடுப்புக்குத் தூக்கிட்டுப் போய்ட்டாங்க. வேர் வுட்ட செடின்னா யாரும் எடுக்க மாட்டாங்க. பூவுல கை வெக்காதீங்க, உள்ள பாம்பு கீதுன்னு பசங்களுக்குச் சொல்லி வெச்சிருக்கேன்."

பாதைப் பக்கம் மட்டும் வட்டம் முடியாமல் இரண்டு முழம் இடைவெளி இருந்தது. அங்கே ஒரு பழைய சேலைக் கிழிசலை இரண்டு குச்சிகளுக்கு நடுவே கட்டியிருந்தாள்.

பள்ளிக்கூடம் விட்டுவிட்டது. பிள்ளைகளின் சத்தம் மேட்டைத் தாண்டி வந்துகொண்டிருந்தது.

செல்லி கோகிலவாணியின் முழங்கையை இன்னும் விடவில்லை.

"இன்னும் நாலு கெழங்கு இருந்தா இந்தப் பக்கமும் அடைஞ்சிடும். குடுங்கம்மா."